வளர்ற பிள்ளைக்கு ரெண்டு பாயிண்ட்

எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே பொருளாதாரத் தத்துவம் 'வளர்ற பிள்ளை'. பள்ளிக்கூடத்துக்குக் கால்சட்டை தைக்கக் கொடுத்தால், "கீழ மூணு இஞ்சு உள்ள மடிச்சு விட்டுத் தையும்வே, வளர்ற பிள்ளை" என்பார். செருப்பு வாங்கினால் என் குதிகாலுக்குப் பின்னால் ஒரு எலிக்குஞ்சு படுத்து உறங்க இடம் இருக்கும். எனக்கு வாங்கிய எதுவும் வாங்கிய வருஷம் எனக்குப் பொருந்தியதில்லை. பொருந்துகிற வருஷம் வரும்போது அது கிழிந்திருக்கும்.

ஆகவே 1989-ல், நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, பாளையங்கோட்டையில் ஒரு கண் டாக்டர் சீட்டில் 'மைனஸ் ஒண்ணேகால்' என்று எழுதியதும், அப்பா நாற்காலி நுனிக்கு வந்து பணிவாகக் கேட்டார்:

"எப்படியும் கூடத்தான் போகுதுன்னு சொல்லுதிய. ரெண்டு பாயிண்ட் சேத்தே எழுதிருங்களேன் டாக்டர். வளர்ற பிள்ளை."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, சட்டை பெரிசா இருந்தா கையைச் சுருட்டி விட்டுக்கிடலாம். கண்ணாடியைச் சுருட்ட முடியாதுல்லா?" என்றார்.

ஆனால் இந்தக் கதை அந்த அறைக்கு வந்து சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டது.

எட்டாம் வகுப்பு வரைக்கும் வகுப்பிலேயே நான்தான் குள்ளம். எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. மேற்கே பார்த்தால் பொதிகை மலை. குள்ளமாய்ப் பிறந்தவனெல்லாம் குறுமுனி அகத்தியரின் வாரிசு என்று ஆச்சி தேற்றுவாள். குள்ளம் என்பதால் முதல் பெஞ்சு. முதல் பெஞ்சு என்பதால் கரும்பலகை மூக்குக்கு முன்னால். என் கண்ணில் ஒரு கோளாறு இருப்பது எனக்கோ பள்ளிக்கூடத்துக்கோ தெரிய வாய்ப்பே இல்லை. அந்தக் கோடை விடுமுறையில் என்ன சாப்பிட்டேனோ, நாலு இஞ்சு வளர்ந்துவிட்டேன். ஜூன் மாதம் சார் உயர வரிசைப்படி உட்கார வைத்தார். ஒரே நாளில் கடைசி பெஞ்சு. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால், கரும்பலகையில் யாரோ கோலமாவைக் கைதவறிக் கொட்டியிருந்தார்கள்.

எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்போல என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசி பெஞ்சுக்காரர்கள் ஏன் படிப்பதில்லை என்பதற்கும் விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. கண்ணை இடுக்கினால் கொஞ்சம் துலங்கியது. ஒளி போகும் வழி குறுகினால் பிம்பம் சற்றுக் கூர்மையாகும் என்பது அறிவியல். ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து கண்ணை இடுக்கிப் பார்ப்பவனை வாத்தியார்கள் அறிவியலோடு பார்ப்பதில்லை. "என்னலே மொறைக்க?" என்று முதல் வாரத்திலேயே இரண்டு அடி விழுந்தது. அடி வாங்கியபோது சாரை மிக அருகில் பார்த்தேன். மீசை வைத்திருந்தார். அதுவரை தெரியாது.

மாட்டிக்கொண்டது கணக்கில். அரையாண்டுக்கு முன்னால் ஒரு பரீட்சையில் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். 8 எனக்கு 3 ஆகவும், கழித்தல் குறி பல இடங்களில் இல்லாமலும் தெரிந்தது. தெரிந்ததை எழுதி, கவனமாகப் போட்டேன். பேப்பர் திரும்பி வந்தபோது பத்துக் கணக்கில் எட்டில் சிவப்புக் கோடு. அடியில் ஒரு வரி: 'வழிமுறை சரி. ஆனால் இது யார் கணக்கு?'

அந்தக் கணக்கு சார்தான் என்னை எழுப்பி, "போர்டுல என்ன எழுதியிருக்கு, வாசி" என்றார். நான் வாசித்தேன். வகுப்பு சிரித்தது. போர்டு காலியாக இருந்தது.

வகுப்பறைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். ஊருக்குள் எனக்கு மண்டைக்கனம் பிடித்தவன் என்று பெயர் வந்துவிட்டது. எதிரே வருகிற பெரியப்பா, மாமா, பாட்டு வாத்தியார் யாரையும் கண்டுகொள்ளாமல் போகிறான் என்று வீட்டுக்குப் புகார் வந்தது. "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்றார் அப்பா. அதற்குப் பயந்து, ஆள் உயரத்தில் எது நின்றாலும் கும்பிட ஆரம்பித்தேன். எங்கள் சித்தப்பா தோழர். தோளில் எப்போதும் சிவப்புத் துண்டு. ஒருநாள் தெருமுனையில் நின்ற அவருக்கு வணக்கம் சொல்லி, "சித்தி சௌக்கியமா?" என்றும் கேட்டுவிட்டு, பதில் வராததால் கோபமாக இருக்கிறார்போல என்று கிட்டே போனேன். தபால் பெட்டி. அடுத்த எடுப்பு மூன்று மணிக்கு என்று எழுதியிருந்தது.

பஸ் போர்டை எழுத்தாகப் படிப்பதை எப்போதோ விட்டிருந்தேன். நீளத்தை வைத்துக் கணிப்பதுதான். விக்கிரமசிங்கபுரத்தில் அத்தை வீட்டுக்குப் போக, அம்பாசமுத்திரத்தில் பாபநாசம் பஸ் ஏற வேண்டும். முதலில் 'பா' என்று ஒரு தும்பிக்கை தெரிந்தது. பின்னால் கொஞ்சம் மசமசப்பு. ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டேன். கண்டக்டர் டிக்கெட்டுக்கு எழுப்பியபோது ஆழ்வார்குறிச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மசமசப்பு பாவூர்சத்திரமாம்.

இத்தனையிலும் எனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்த ஒரே இடம் கோயில். பாபநாசத்தில் தீபாராதனை நடக்கும்போது எல்லாரும் எக்கி எக்கிப் பார்க்கிறார்கள். "சாமி தெரிஞ்சுதாலே?" என்றாள் ஆச்சி. எனக்குத் தெரிந்ததை உள்ளபடி சொன்னேன்: "சாமி தெரியல ஆச்சி. பெரிசா ஒரு வெளிச்ச உருண்டை. சுத்தி வளையம் வளையமா." ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வருவதற்குள் நாலு தெருவுக்குச் சேதி போய்விட்டது: "எம் பேரனுக்கு ஜோதியாக் காட்சி குடுத்திருக்காரு." அந்த ஜோதிக்குப் பின்னாளில் டாக்டர் 'மைனஸ் ஒண்ணேகால்' என்று பெயர் வைத்ததில் ஆச்சிக்குக் கடைசி வரை அவர்மேல் வருத்தம்தான்.

கண் பரிசோதனை என்றதும் நான் அதைப் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? திரைக்கு அந்தப் பக்கம் எனக்கு முன்னால் போன ஒரு பெரியவர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்: ட, ப, ம, ய... நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆறு வரியையும் உருப்போட்டுவிட்டேன். உள்ளே கூப்பிட்டு, கனமான இரும்புச் சட்டத்தை மூக்கில் ஏற்றி, ஒரு கண்ணை அடைத்தார்கள். நான் மூச்சுவிடாமல் ஆறு வரியும் ஒப்பித்தேன். அறையில் அமைதி. ஹைஸ்கூல் பையன் என்பதால் எனக்கு இங்கிலீஷ் அட்டையை மாட்டியிருந்தார்களாம்.

ஸ்நெல்லன் என்ற ஹாலந்து நாட்டு டாக்டர் 1862-ல் அந்த எழுத்து அட்டையை உண்டாக்கினார். இப்படி ஒருவன் வருவான் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனால் கண் டாக்டர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, ஒரு சின்ன விளக்கைக் கண்ணுக்குள் அடித்து, அது உள்ளே போய்த் திரும்பி வருகிற தினுசைப் பார்த்தே பவரைச் சொல்லிவிடுகிறார்கள். நம்மிடம் ஒரு கேள்வியும் கிடையாது. "பையன் பொய் சொன்னாலும் கண்ணு சொல்லாது அண்ணாச்சி" என்றார் டாக்டர். சொட்டு மருந்தோடு வெளியே வந்தால் பாளையங்கோட்டை வெயில் முழுவதும் என் கண்ணுக்குள் குடிவந்துவிட்டது.

டாக்டர் விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. "கண்ணுங்கது ஒரு பந்து. முன்னயிருந்து பின்ன வரை சுமாரா 24 மில்லிமீட்டர். பையன் வளரும்போது இவனுக்குக் கண்ணும் நீளத்துல கூடுதலா வளந்துட்டு. அதனால படம் திரையில விழாம, திரைக்கு முன்னாலயே விழுந்துருது. ஒரு மில்லிமீட்டர் நீண்டா ரெண்டரை, மூணு பாயிண்ட் ஏறிரும்."

அப்பா முகம் மலர்ந்தது. "அப்ப நான் சொன்னதுதான டாக்டர்? வளர்ற பிள்ளை!"

டாக்டரால் மறுக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து ஜங்ஷனில் ஒரு கடையில் கண்ணாடி கிடைத்தது. மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தரை பள்ளமாக இருந்தது. படி எனக்காகக் காத்திருக்காமல் மேலே வந்தது. வீரவநல்லூர் தாண்டியதும் வயலில், யாரோ போட்டுவிட்டுப் போன உரச்சாக்கு ஒன்று சிறகை விரித்துப் பறந்தது. தொடர்ந்து நாலைந்து சாக்குகள் பறந்தன. வேப்பமரத்தில் இலை தனித்தனியாக இருந்தது. மரம் என்றால் பச்சையாய் ஒரு பொதி என்றுதான் அதுவரை என் எண்ணம். மேற்கே நீலச் சுவராக நின்ற மலைக்கு மடிப்பு இருந்தது, மடிப்புக்குள் மடிப்பு இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பார்த்தேன். காதோரம் நாலைந்து நரை. நான் பார்த்துக்கொண்டே நின்றதில் அம்மா, "என்னலே?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நரை போய்விட்டது.

இனி எல்லாம் சுகம் என்று நினைத்தால், அடுத்த ஆனியில் மறுபடி கோலமாவு. பத்தாம் வகுப்பில் மைனஸ் இரண்டு. பிளஸ் ஒன்னில் மூன்று. பிளஸ் டூவில் நாலேகால். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். 'மைனஸ்' என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "வருசா வருசம் பற்றுதான் ஏறுது. எப்பம்ல வரவுக்கு வருவ?" என்பார். மார்க் ஷீட்டும் கண் சீட்டும் ஒரே மாதத்தில் வந்ததால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பெருமூச்சு விடுவதற்கு வசதியாகவும் இருந்தது.

மைனஸ் பவருக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. நூறைப் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தெரியும் என்று வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் என் உலகத்தின் எல்லை 80 சென்டிமீட்டர், நீட்டிய கை. பத்தாம் வகுப்பில் 50. சாப்பாட்டு இலையின் மறு ஓரம். பிளஸ் ஒன்னில் 33. வாத்தியாரின் அடிஸ்கேலுக்கு இரண்டு விரல் கூட. பிளஸ் டூவில் 23. அதாவது ஒரு சாண். ஒரு சாண் வயிற்றுக்காக மனிதன் படும்பாடு என்பார்கள். எனக்கு வயிறு, உலகம் இரண்டும் ஒரே அளவில் இருந்தன.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிட்டால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்று ஆச்சி வாரம் மூன்று நாள் கடைந்தாள். ராத்திரி நட்சத்திரம் தெரிந்தால் போதும் என்பதே என் கோரிக்கை. கீரையிலும் கேரட்டிலும் உள்ள சத்து மாலைக்கண்ணைத் தடுக்கும். நீண்டுபோன கண்ணைச் சுருக்காது. "டிவியைக் கிட்ட உக்காந்து பாத்துத்தாம்ல கண்ணு போச்சு" என்று தெருவே தீர்ப்புச் சொன்னது. கண் போனதால்தான் கிட்ட உட்கார்ந்தேன் என்ற என் மேல்முறையீடு விசாரணைக்கே வரவில்லை.

பெரியப்பா வேறு கட்சி. "போடப் போடத்தான் ஏறும். கழட்டி வச்சுப் பழகணும். இல்லேன்னா பவரைக் கொறைச்சு வாங்கிப் போடு" என்றார். ரெண்டு பாயிண்ட் கூட்டு என்ற அப்பாவுக்கும், ரெண்டு பாயிண்ட் குறை என்ற பெரியப்பாவுக்கும் நடுவில், யாருக்கும் மனத்தாங்கல் வராமல் ஒரு வருஷம் கண்ணாடியை வகுப்பில் போட்டேன், வீட்டில் கழற்றினேன். பவர் இரண்டு பேரையும் மதிக்காமல் தன்பாட்டுக்கு ஏறியது. 2002-ல் மலேசியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது: பவரைக் குறைத்துப் போட்டுவிட்ட பிள்ளைகளுக்கு ஏற்றம் நிற்கவில்லை, சற்று வேகமாகவே ஏறியதாம். பெரியப்பாவிடம் சொல்லலாம் என்றால், அவர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

கண்ணாடியின் தடிமன் ஏற ஏற எனக்குப் பட்டப்பெயரும் உறுதிப்பட்டது: சோடாபுட்டி. மைனஸ் கண்ணாடி நடுவில் அப்பளக் கனம், ஓரத்தில் அதிரசக் கனம். அப்பளத்துக்குப் பேர்போன ஊரில் பிறந்தவன் வேறு உவமை தேட வேண்டியதில்லை. அதற்குள்ளிருந்து பார்க்கிற கண் எதிராளிக்குச் சுண்டைக்காய் அளவில் தெரியும். "ஆம்பளப் பிள்ளையாப் போச்சு, பொழச்சோம். பொம்பளப் பிள்ளைன்னா எவன் கெட்டுவான்?" என்று ஆச்சி தினம் ஒருமுறை சொல்வாள். அடுப்படியில் அக்கா இருக்கும்போதும் சொல்வாள்.

இங்கே ஒரு துப்பறியும் விஷயம். என் பழைய கண்ணாடிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வருஷமும் புதுசு வந்த கையோடு பழசு மாயமாகிவிடும். பவர் பத்தாததை யார் எடுப்பார்கள் என்று நானும் தேடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒளியும் ஒலியும் ஓடிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால், இருட்டில், அக்கா நின்று பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் என் மைனஸ் இரண்டு. என்னைக் கண்டதும் கழற்றி மாராப்புக்குள் ஒளித்தாள்.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் போட்டுக் கழித்த துணி சின்னவர்களுக்கு வரும். கண்ணாடி மட்டும் கீழேயிருந்து மேலே போயிருக்கிறது. நான் தபால் பெட்டியைக் கும்பிட்டு ஊரைக் கூட்டிய அதே வருஷங்களில், அக்கா கோலத்தைப் புள்ளி எண்ணாமல் கைப்பழக்கத்தில் போட்டு, எதிரே வருகிறவர்களைக் காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் காலம் தள்ளியிருக்கிறாள். "சொல்லிராதலே" என்றாள். சொல்லவில்லை. அடுத்த வருஷம் மைனஸ் மூன்றை நானே அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அவளைப் பெண் பார்க்க வந்தபோது காபித் தட்டோடு போனாள். கூடத்தில் மூன்று மசமசப்புகள் உட்கார்ந்திருந்தனவாம். "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?" என்றதற்கு "ம்" என்றிருக்கிறாள். "எதைப் பாத்து சரின்னு சொன்ன?" என்று பிறகு கேட்டேன். "நடுவுல இருந்தது கொஞ்சம் பயந்து நடுங்குற மாரி இருந்துச்சு. நல்ல மனுசனாத்தான் இருக்கும்னு தோணுச்சு." கல்யாணமாகி இரண்டாம் வாரமே அத்தான் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். "உங்க அக்கா என்னைய மொதமொதல்ல பாத்ததே தாலி ஏறி பதினஞ்சு நாள் கழிச்சுத்தான். அதுக்குள்ள சட்டப்படி ஒண்ணும் செய்ய முடியாமப் போச்சு" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் அஞ்சரைக்கு வந்ததும் என் பவர் சட்டென்று நின்றது. பெரும்பாலும் அப்படித்தானாம்; உடம்பு வளர்ந்து முடிகிற வயதை ஒட்டிக் கண்ணும் அடங்கிவிடும். மொத்தத்தில் என் கண் கூடுதலாக வளர்ந்தது இரண்டு மில்லிமீட்டர். ஓர் அரிசியின் குறுக்களவு. அதற்குத்தான் இத்தனை அடி, இத்தனை கீரை, ஆழ்வார்குறிச்சி வரை ஒரு பஸ் டிக்கெட்.

இப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. போன வருஷம் மைனஸ் ஒன்று. டாக்டர் அம்மா சொன்னார்: "தினம் ரெண்டு மணி நேரம் வெளிய வெளிச்சத்துல விளையாடட்டும். வெளிச்சம் படப்படக் கண்ணு நீள்றது மட்டுப்படும்." ராத்திரிக்கு ஒரு சொட்டு மருந்தும் உண்டாம். 2050-ல் உலகத்தில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016-லேயே கணக்குப் போட்டுவிட்டார்களாம். எனக்கு ஆச்சி நினைவுதான் வந்தது. எங்கள் வீட்டில் வெயில் என்பது ஒரு கெட்ட சகவாசம். "வெயில்ல அலையாம உள்ள உக்காந்து படில" என்று தாழ்வாரத்து அரையிருட்டில் உட்கார வைத்து, கூடவே பொன்னாங்கண்ணியும் ஊட்டியிருக்கிறாள் அந்த மகராசி.

அன்றைக்கே என்னையும் பார்க்கச் சொன்னேன். மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படிக்க முடியாமல் சிநேகிதர்கள் கையை நீட்டி நீட்டித் தவிக்கும்போது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் படித்துக் காட்டுவது கொஞ்ச நாளாக என் பெருமை. அந்த ஒரு சாண் உலகம் கடைசியில் சோறு போட்டது. ஆனால் கண்ணாடியோடு படிக்க முடியவில்லை. வெள்ளெழுத்து. டாக்டர் அம்மா புதுச் சீட்டு எழுதினார்.

அப்பாவும் கூட வந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகி, இப்போது பாவூர்சத்திரம் போர்டை பஸ் திரும்புவதற்குள் வாசித்துவிடுகிறார். என் சீட்டை வாங்கி, கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார்.

"மேல மைனஸ் அஞ்சரை. அடியில பிளஸ் ஒண்ணரை." உதடு அசைந்தது. "அப்ப நிகரம் மைனஸ் நாலு."

"கீழ்ப் பக்கத்துக்கு அதேதான் தாத்தா, சரியாச் சொல்லிட்டீங்க" என்றார் டாக்டர் அம்மா.

"முப்பத்தாறு வருசத்துல இப்பத்தாம்ல ஒனக்கு வரவுன்னு ஒண்ணு வந்திருக்கு" என்றார் அப்பா. குரலில் ஒரு கணக்கு நேரான நிம்மதி. பிறகு நாற்காலி நுனிக்கு வந்தார்.

"இந்தப் பிளஸ்ஸு இனி வருசம் போகப் போகக் கூடுமாம்மா?"

"ஆமா தாத்தா. அறுபது வயசு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கூடும்."

எனக்கு நாற்பத்தொன்பது வயது. தலையில் முக்கால்வாசி நரை. அப்பா என்னை ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்துவிட்டது.

"அப்ப ரெண்டு பாயிண்ட் சேத்தே எழுதிருங்களேன் தாயி. வளர்ற பிள்ளை."